கண்ணை மூடி உக்கார முடியலையா? கலர் பென்சில எடுங்க

தியானம்னு சொன்னதும் நம்ம ஆளுங்க பாதி பேருக்கு கண்ணை மூடி, முதுகை நிமித்தி, அசையாம உக்கார்றதுதான் ஞாபகத்துக்கு வருது. சிலருக்கு அது நல்லா வரும், அவங்க அதையே பண்ணட்டும். ஆனா விடியறதுக்கு முன்னாடி எழுந்து சமைச்சு வெச்சுட்டு பேக்டரி பஸ்ஸப் பிடிச்சு, ஷிப்ட் முடிஞ்சு ஓவர்டைமும் பாத்துட்டு வர்றவங்கள கண்ணை மூடுன்னா ஒண்ணு அப்படியே தூங்கிருவாங்க, இல்லன்னா வீட்டு லோன், பிள்ளை டியூஷன் காசு, மாமியாரோட சுகர் மருந்துன்னு எல்லாம் வரிசையா வந்து நிக்கும். அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். கைக்கு ஒரு வேலைய குடுத்துட்டா மனசு தானா கொஞ்சம் உக்காரும், அதுக்கு ரொம்ப செலவில்லாத வழி கலர் அடிக்கிறது.

நாங்க இருக்கிறது மலேசியாவுல, பேராக் மாநிலத்துல சுங்கை சிப்புட். ஈவூட், டோவன்பி, எல்பில்னு சுத்தி தோட்டங்க, இப்ப பாதி பேரு லயத்த, அதான் தோட்டத்து வரிசை வீட்ட விட்டு தாமான்னு சொல்ற குடியிருப்பு வீட்டுக்கு வந்தாச்சு. இங்க ஒரு சின்ன மண்டபத்துல சனிக்கிழமை சாயந்திரம் பொம்பளைங்க கொஞ்ச பேரு ஒண்ணா உக்காந்து கலர் அடிப்போம், அப்புறம் அதப் பத்தி எழுதுவோம். புதுசா வர்றவங்க எல்லாரும் கேக்கிற கேள்வி ஒண்ணுதான், எப்படி ஆரம்பிக்கிறது? அதத்தான் கீழ வரிசையா சொல்றேன்.

அதுக்கு முன்னாடி, இது சும்மா பொழுதுபோக்கான்னு கேக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். 2005ல அமெரிக்காவுல நான்சி கரி, டிம் காசர்னு ரெண்டு பேரு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. 84 காலேஜ் பிள்ளைங்கள கூப்பிட்டு, முதல்ல உங்க வாழ்க்கையில ரொம்ப பயந்த சம்பவத்த எழுதுங்கன்னு சொல்லி கொஞ்சம் பதற்றப்பட வெச்சுட்டு, அப்புறம் மூணு குரூப்பா பிரிச்சு 20 நிமிஷம் கலர் அடிக்க விட்டாங்க. ஒரு குரூப்புக்கு வட்டமான மண்டல டிசைன், இன்னொண்ணுக்கு கட்டம் கட்டமா இருக்கிற டிசைன், மூணாவது குரூப்புக்கு வெறும் வெள்ளப் பேப்பர். மண்டலம் அடிச்சவங்களுக்கும் கட்டம் அடிச்சவங்களுக்கும் பதற்றம் நல்லா குறைஞ்சிருக்கு, வெள்ளப் பேப்பர் வாங்கினவங்களுக்கு அந்த அளவு குறையல. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அந்த மூணாவது குரூப் விஷயம்தான். இஷ்டத்துக்கு என்ன வேணும்னாலும் வரைன்னு விட்டா மனசு லேசாகும்னு நாம நெனைப்போம், ஆனா என்ன வரையிறதுன்னு யோசிக்கிறதே ஒரு பாரம். கோடு போட்டு, திரும்பத் திரும்ப ஒரே வடிவம் வந்து, அதுக்குள்ள எந்த கலர்ங்கிற சின்ன முடிவு மட்டும் நம்ம கையில இருந்தா அதுவே போதுமானதா இருக்கு.

வாசல்ல கோலம் போட்டு வளந்தவங்களுக்கு இத நான் விளக்கவே வேணாம். புள்ளி வெச்சு இழுக்க ஆரம்பிச்சா பக்கத்துல யாரு வந்து பேசினாலும் "ம்"னு மட்டும்தான் பதில் வரும். தீபாவளிக்கு மண்டபத்துலயும் ஷாப்பிங் மால்லயும் கலர் அரிசிக் கோலம் போடுறாங்களே, அதுல உக்காந்தவங்களக் கேட்டுப் பாருங்க, முதுகு வலிக்கும், கால் மரத்துப் போகும், ஆனா மனசு அமைதியா இருந்துச்சுன்னுதான் சொல்வாங்க.

"எனக்கு வரையத் தெரியாது"ன்னு சொல்லி ஒதுங்கிறவங்க நிறைய. 2016ல பிலடெல்பியாவுல டிரெக்செல் யுனிவர்சிட்டி ஆளுங்க 39 பேர வெச்சு, 45 நிமிஷம் மார்க்கர், களிமண், காகிதம் வெட்டி ஒட்டுறது இதுல எது வேணும்னாலும் செய்யச் சொல்லி, முன்னாடியும் பின்னாடியும் எச்சில்ல கார்ட்டிசோல் அளந்து பாத்தாங்க, அது உடம்பு ஸ்ட்ரெஸ்ல சுரக்கிற ஹார்மோன். முக்கால்வாசி பேருக்கு குறைஞ்சிருக்கு, வரையத் தெரிஞ்சவங்க தெரியாதவங்கன்னு அதுல பெரிய வித்தியாசம் இல்ல. அதனால அந்த சாக்கு இனிமே வேணாம்.

முதல்ல என்ன வாங்கணும்

ரொம்ப வாங்காதீங்க. 12 கலர் பென்சில் டப்பா ஒண்ணு போதும், பசார் மாலாம்ங்கிற ராத்திரி சந்தையிலயே கிடைக்கும், ஆனா ரொம்ப மலிவான பென்சில்ல நிறம் கம்மியா இருக்கும், எவ்வளவு தேச்சாலும் பேப்பர்ல ஏறாது, கோவம்தான் வரும், அதனால ஸ்கூல் பிள்ளைங்க வாங்கிற சாதாரண நல்ல பிராண்ட் ஒண்ணு எடுத்துக்கோங்க. 48, 72 கலர்னு பெரிய டப்பா வாங்கிறது ஆரம்பத்துல நல்லதில்ல, எத எடுக்கிறதுன்னு தேடுறதுலயே நேரம் போயிடும். ஒரு நல்ல ஷார்ப்னர். பேப்பர் போட்டோஸ்டேட் கடையில இருக்கிற ஏ4 போதும், முடிஞ்சா டிராயிங் பிளாக் வாங்குங்க, அது தடிமனா இருக்கும், கலர் நல்லா பிடிக்கும். மார்க்கர் இப்ப வேணாம், மெல்லிசு பேப்பர்ல பின்பக்கம் ஊறிடும்.

நம்ம ஊரு ஈரத்துக்கு பேப்பர் நமுத்துப் போகும், மழை மாசத்துல இன்னும் மோசம், நமுத்த பேப்பர்ல பென்சில் வழுக்கும். பழைய பிஸ்கட் டின்ல போட்டு மூடி வையுங்க. ஃபேன் காத்துக்கு பறக்காம இருக்க ஒரு அட்டையும் ரெண்டு கிளிப்பும்.

டிசைன நீங்களே போடுங்க

கடையில கலரிங் புக் விக்குது, இன்டர்நெட்ல இருந்து பிரிண்ட் எடுக்கலாம், தப்பில்ல. ஆனா நான் எல்லாருக்கும் சொல்றது, உங்களுக்குத் தெரிஞ்ச புள்ளிக் கோலத்த எடுங்க. தெரியாதவங்களுக்கு ஒண்ணு சொல்லித் தர்றேன். ஊடுபுள்ளி, 7ல ஆரம்பிச்சு 4 வரைக்கும். பேப்பருக்கு நடுவுல 2 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு வரிசையா 7 புள்ளி. அதுக்கு மேல, கீழ் வரிசையோட ரெண்டு ரெண்டு புள்ளிக்கு நடுவுல வர்ற மாதிரி 6 புள்ளி, அதுக்கு மேல 5, அதுக்கு மேல 4. கீழ்ப்பக்கமும் அதே மாதிரி 6, 5, 4. மொத்தம் 37 புள்ளி, அறுகோணமா வந்திருக்கும். இப்ப நட்ட நடுப்புள்ளியப் பாருங்க, அதச் சுத்தி 6 புள்ளி இருக்கும், நடுவுல இருந்து ஒவ்வொண்ணுக்கும் மெல்லிசா ஒரு இதழ் போடுங்க, ஆறிதழ் பூ ஒண்ணு வந்துரும். அப்படியே வெளிய போயி பக்கத்து பக்கத்துப் புள்ளிய எல்லாம் இதழால இணைச்சுக்கிட்டே போங்க. முடிக்கிறப்போ 90 இதழ் இருக்கும், இதழுக்கு நடுவுல 54 சின்ன முக்கோண இடம் இருக்கும்.

ஒரே நாள்ல முடிக்கணும்னு இல்ல, முடியவும் முடியாது. ஒரு ஷீட் பல நாளைக்கு வரும், அதுதான் நமக்கு வேணும்.

புள்ளி கணக்கே வேணாம்னு நெனைக்கிறவங்க ஒரு சின்ன தட்ட கவுத்து வெச்சு சுத்தி கோடு இழுத்து, அதுக்குள்ள டம்ளர், அப்புறம் பாட்டில் மூடின்னு வட்டத்துக்குள்ள வட்டம் போட்டு, ரூலர்ல எட்டு பாகமா பிரிச்சுக்கலாம். சுவிஸ் மனநல டாக்டர் கார்ல் யுங் 1918-19 வாக்குல தினமும் காலையில நோட்டுப் புத்தகத்துல சின்னதா ஒரு வட்ட ஓவியம் வரைஞ்சு, அன்னிக்கு தன் மனசு எப்படி இருக்குன்னு அதுல பாத்துக்கிட்டாரு. அவரு பண்ணதுல நாம எடுத்துக்க வேண்டியது தினமும் கொஞ்சம், சின்னதா, தனக்காகங்கிறதுதான்.

உக்கார்ற நேரம்

20 நிமிஷம் எடுத்து வையுங்க. எந்த நேரம்னு உங்க வீட்டு நிலவரம் பாத்துக்கோங்க. சாயந்திரம் 6 மணி வெளிச்சத்துல முன்வாசல்ல உக்கார்றது எனக்குப் பிடிக்கும், மஞ்சள் பல்பு வெளிச்சத்துல வெளிர் மஞ்சள் கண்ணுக்கே தெரியாது, நீலம் பச்சையா தெரியும். கொசுவர்த்தி ஏத்தி வெச்சுக்கோங்க. நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்றவங்க காலையில படுக்கிறதுக்கு முன்னாடி பண்ணலாம், போன் நோண்டிக்கிட்டே தூங்கப் போறத விட இது ரொம்ப நல்லது. போன ஏரோபிளேன் மோட்ல போட்டு அலாரம் மட்டும் 20 நிமிஷத்துக்கு வெச்சு அடுத்த ரூம்ல வெச்சிருங்க. வீட்டுல இருக்கிறவங்க கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, "அம்மா 20 நிமிஷம் இங்க இருக்கேன், ரத்தம் வந்தா மட்டும் கூப்பிடுங்க"ன்னு எங்க குரூப்ல ஒரு அக்கா சொல்வாங்க, அவங்க பிள்ளைங்க இப்ப பழகிட்டாங்க.

பென்சில எடுக்கிறதுக்கு முன்னாடி அஞ்சாறு மூச்சு. உள்ள இழுக்கிறப்போ மனசுல 4 வரைக்கும் எண்ணுங்க, வெளிய விடுறப்போ 6 வரைக்கும். மூச்சு வெளிய போறப்போ இதயத் துடிப்பு தானா கொஞ்சம் மெதுவாகும், அதனாலதான் வெளிய விடுறத நீளமா வெச்சுக்கச் சொல்றது. அப்ப தாடை, தோள், பென்சில் பிடிக்கப் போற கை, இது மூணையும் கவனிங்க. நம்மள்ல நிறைய பேரு பல்லைக் கடிச்சுக்கிட்டே நாள ஓட்டுறோம், அது நமக்கே தெரியாது.

அப்புறம் மூணு நாலு கலர் மட்டும் எடுத்துக்கிட்டு டப்பாவ மூடிருங்க. யோசிக்காம கை எத எடுக்குதோ அது.

கலர் அடிக்கிற விதம்

இதுதான் நான் அதிகமா சொல்ல வேண்டிய இடம், ஏன்னா இங்கதான் தியானமே நடக்குது.

பென்சில நுனிக்கிட்ட இறுக்கிப் பிடிக்காம கொஞ்சம் மேல தள்ளிப் பிடிங்க, அப்ப அழுத்தம் தானா குறையும். முதல் தடவை தடவித் தடவி ரொம்ப லேசா, பேப்பரோட வெள்ளை உள்ள இருந்து தெரியிற அளவுக்குத்தான். கலர் பென்சில்ங்கிறது நிறப்பொடியும் மெழுகும் சேர்ந்த குச்சி, முதல் தடவையே அழுத்தித் தேச்சா பேப்பர்ல இருக்கிற நுண்ணு நுண்ணு பள்ளம் எல்லாம் மெழுகால அடைஞ்சு பளபளன்னு ஆயிடும், அதுக்கு மேல இன்னொரு கலர் ஒட்டவே ஒட்டாது. லேசா அடிச்சா மூணு நாலு அடுக்கு போடலாம். வெளிர் கலர்ல ஆரம்பிச்சு அடர்த்திக்குப் போகணும்.

ஒரு இதழ எப்படி அடிக்கிறதுன்னு சொல்றேன், நம்ம எல்லாரும் பாத்த ஒரு கலர எடுத்துக்குவோம், செம்பனைப் பழம், அதான் பாமாயில் எடுக்கிற பழம். காய்ல கறுப்பும் ஊதாவுமா இருந்து பழுக்கப் பழுக்க ஆரஞ்சு சிவப்பா மாறும், நல்லா பழுத்ததுலயும் நுனியில கொஞ்சம் கறுப்பு நிக்கும். இதழ் முழுக்க மஞ்சள் ஒரு அடுக்கு. அப்புறம் அடிப்பக்கம் கால்வாசிய விட்டுட்டு மேல ஆரஞ்சு, சின்னச் சின்ன வட்டமா பென்சில சுத்திக்கிட்டே, கோடு தெரியாம. அதுக்கு மேல பாதியில இருந்து சிவப்பு. கடைசியா நுனியில மட்டும் ஊதாவ லேசா வெச்சு எடுங்க. ஒரு கலர் இன்னொண்ணுக்குள்ள கலக்கிற இடத்துல கண்ண வையுங்க, மஞ்சள் எந்த இடத்துல ஆரஞ்சா மாறுதுன்னு விரலால சொல்ல முடியாது. இந்த ஒரு இதழுக்கு ரெண்டு மூணு நிமிஷம் ஆகலாம். ஆகட்டும்.

கண்ணு பென்சில் நுனியில, காது அது பேப்பர்ல உரசுற சத்தத்துல. அவ்வளவுதான் வேலை. நடுவுல மனசு ஓடும், நாளைக்கு என்ன கொழம்பு, அந்த மேனேஜர் ஏன் அப்படி பேசினான்னு எங்கயாவது போயிரும். போகட்டும், அவுத்துக்கிட்டுப் போன மாட்ட அடிக்காம கயித்தப் பிடிச்சு கூட்டிட்டு வர்ற மாதிரி, திட்டாம திரும்பவும் நுனிக்கு கூட்டிட்டு வாங்க. 20 நிமிஷத்துல நூறு தடவை போனா நூறு தடவை கூட்டிட்டு வரணும், அந்த கூட்டிட்டு வர்றதுதான் பயிற்சி. இதுக்கு ஒரு நல்ல அடையாளமும் இருக்கு, கை திடீர்னு வேகமாயிருக்கும், அழுத்தம் கூடியிருக்கும், கோடு பட்டையா தெரியும். அத பாத்தீங்கன்னா மனசு எங்கயோ போயிருச்சுன்னு அர்த்தம். கண்ணை மூடி உக்கார்றப்போ இப்படி ஒரு தடயம் கிடைக்காது, இதுல பேப்பர்லயே பதிஞ்சு நிக்கும்.

எங்க கூட வர்ற ஒரு பாட்டிம்மா அந்தக் காலத்துல ரப்பர் மரத்துல பால் வெட்டினவங்க. பட்டைய மட்டும் மெல்லிசா சீவணும், ஆழமா போனா மரம் காயப்பட்டுரும், அப்படி பழகின கை. எழுதப் படிக்க அதிகம் தெரியாது, ஆனா முதல் நாளே அவங்க போட்ட கலர் ஒரே சீரா, ஒரு இடத்துல கூட அழுத்தம் மாறாம இருந்துச்சு. நாங்க எல்லாரும் அழுத்தத்த குறைக்க அவங்க கைய பாத்துத்தான் கத்துக்கிட்டோம்.

கோட்டத் தாண்டிட்டா அழிக்காதீங்க. ரப்பர பக்கத்துலயே வெச்சுக்காதீங்க.

முடிச்சதும் திரும்பிப் பாக்கிறது

அலாரம் அடிச்சதும் மூடி வெச்சுட்டு எழுந்திருக்கிறவங்கதான் நிறைய. அப்படிப் பண்ணினா பாதிதான் கிடைக்கும். இன்னும் அஞ்சு நிமிஷம் இருங்க. பேப்பர கொஞ்சம் தள்ளி வெச்சு பாருங்க, அப்புறம் திருப்பி பின்பக்கத்துல தேதி போட்டு மூணு நாலு வரி எழுதுங்க. தமிழ்ல, மலாய்ல, கலந்து, எப்படி வேணும்னாலும். என்ன எழுதுறதுன்னு தெரியலன்னா இந்த கேள்விங்கள வெச்சுக்கோங்க: எந்த இடத்துல கை வேகமா போச்சு, அப்ப என்ன நெனைச்சுக்கிட்டு இருந்தேன்? எந்தக் கலர இன்னிக்கு தொடவே மனசு வரல? உக்கார்றதுக்கு முன்னாடி தோள் எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்கு?

பதில் பெருசா இருக்கணும்னு இல்ல. "இன்னிக்கு மூணாவது இதழ்ல தம்பி ஞாபகம் வந்துச்சு, அழுத்தி அடிச்சிருக்கேன், அவனுக்கு போன் பண்ணணும்." இது ஒருத்தங்க எழுதினது, அவங்க அனுமதியோடதான் சொல்றேன். இந்த மாதிரி ஒரு வரி போதும், நாள் பூரா அடியில ஓடிக்கிட்டு இருந்தது மேல வந்துருச்சு.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லணும். கறுப்பு எடுத்தா சோகம், சிவப்பு எடுத்தா கோவம்னு இன்டர்நெட்ல பட்டியல் சுத்துது, அத நம்பாதீங்க. ஒருத்தங்களுக்கு கறுப்பு அம்மாவோட கூந்தல், இன்னொருத்தங்களுக்கு வேலைக்கு போட்டுட்டுப் போற பூட்ஸ். உங்க கலருக்கு அர்த்தம் உங்களுக்குத்தான் தெரியும். அதே காரணத்துக்காக அடுத்தவங்க பேப்பரப் பாத்து "உனக்கு ஏதோ பிரச்சனை இருக்கு"ன்னு யாரும் சொல்லக் கூடாது, எங்க மண்டபத்துல இது முதல் சட்டம்.

மாசத்துக்கு ஒரு தடவை எல்லா ஷீட்டையும் தரையில பரப்பி தேதி வரிசையா பாருங்க. சம்பளத்துக்கு முந்தின வாரம், பரீட்சை வாரம், மாமியார் ஆஸ்பத்திரியில இருந்த வாரம், கை எப்படி இருந்துச்சுன்னு கண்ணுக்கு முன்னாடி இருக்கும்.

பெரியவங்க, பிள்ளைங்க

வயசானவங்களுக்கு கண்ணுல புரை இருந்தா மெல்லிசு கோடு தெரியாது, மார்க்கர்ல தடிமனா கோடு போட்டு ஏ3க்கு பெருசாக்கி போட்டோஸ்டேட் எடுத்துக் குடுங்க. விரல் மூட்டு வலிக்கிறவங்களுக்கு பென்சில் மேல பழைய சைக்கிள் டியூப் துண்ட சுத்திக் குடுத்தா பிடிக்க பட்டையா இருக்கும், இல்லன்னா கிரேயான்.

பிள்ளைங்க கூட சேர்ந்து பண்ணலாம், ரொம்ப நல்லது, ஆனா "கோட்டுக்கு வெளிய போகாத"ன்னு மட்டும் சொல்லாதீங்க. ஸ்கூல்ல அத நிறைய கேட்டுட்டுத்தான் வர்றாங்க. வானத்துக்கு பச்சை அடிச்சா பச்சைதான்.

பென்சில் சலிச்சுப் போனவங்களுக்கு பாத்தேக் இருக்கு, மெழுகு வெச்சு துணிக்கு சாயம் போடுற கலை. சந்திங்ங்கிற மெழுகு ஊத்துற பேனாவால கோடு போட்ட துணிய சின்ன சின்ன சட்டத்தோட செட்டா விக்கிறாங்க, பிரஷ்ல சாயத்த வெச்சா அது தானா ஓடி மெழுகுக் கோட்டுக்கிட்ட போயி நிக்கும். அது ஓடுறத அவசரப்படாம பாத்துக்கிட்டு இருக்கிறதும் தியானம்தான். ஆனா சாயம் துணியில பட்டா போகாது, பழைய சட்டை போட்டுக்கோங்க.

எதுக்கு இது போதாது

தூக்கம் இல்லாம, சாப்பாடு பிடிக்காம, அழுகை நிக்காம ரெண்டு வாரத்துக்கு மேல போச்சுன்னா கலர் பென்சில வெச்சுக்கிட்டு சமாளிக்காதீங்க. கிளினிக் கெசிஹாத்தான்ங்கிற அரசாங்க கிளினிக்குக்கு போயி டாக்டர் கிட்ட சொல்லுங்க, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. வாழவே வேணாம்னு நெனைப்பு வந்தா உடனே யார்கிட்டயாவது பேசணும், சுகாதார அமைச்சோட ஹீல் லைன் 15555, பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-76272929, பிஃப்ரெண்டர்ஸ் 24 மணி நேரமும் இருக்கும். கலர் அடிக்கிறப்போ பழைய துக்கம் ஏதாவது கிளம்பி மூச்சு முட்டுற மாதிரி இருந்தா பென்சில கீழ வெச்சுட்டு எழுந்து முகம் கழுவுங்க, முடிக்கணும்னு கட்டாயம் எதுவும் கிடையாது.

குரூப்பா பண்ணணும்னா

பாலாய் ராயான்னு சொல்ற ஊர்ப் பொது மண்டபம், கோயில் மண்டபம், யாரு வீட்டு போர்ச்சா இருந்தாலும் சரி, நாலு பேரு போதும். முதல் 20 நிமிஷம் பேச்சே கூடாது, அப்புறம் எழுதுறது, அதுக்கப்புறம் விருப்பம் இருக்கிறவங்க மட்டும் ஒரு வரி படிக்கலாம், மத்தவங்க கேக்கணும், அறிவுரை சொல்லக் கூடாது. தேத்தண்ணி கடைசியிலதான், முதல்ல வெச்சா கதை ஆரம்பிச்சு கலர் டப்பா திறக்கவே மாட்டாங்க. பென்சில் அவங்கவங்க கொண்டு வரட்டும், ஷார்ப்னர் மட்டும் ரெண்டு மூணா வையுங்க, ஒண்ணுக்காக எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தா அமைதி கலைஞ்சிரும். மண்டபத்து சாவி யாருகிட்ட இருக்குன்னு வெள்ளிக்கிழமையே கேட்டு வெச்சுக்கோங்க.